விரல்களைத் தின்னும் மாத்திரை

பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு வெள்ளை மாத்திரை என் பத்து விரல்களையும் தின்றுவிடும் என்று நான் நம்பினேன். ஐம்பதை எட்டப்போகிற, மகளைக் கட்டிக்கொடுத்த, வண்டி லைசென்ஸ் வைத்திருக்கிற ஒரு மனிதன் எவ்வளவு உறுதியாக நம்ப முடியுமோ அவ்வளவு உறுதியாக நம்பினேன்.

அந்த நம்பிக்கையோடு ஒரு நாள் காலை, ஆம்பூரில் எங்கள் தோல் கம்பெனியில், வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலுக்குக் கீழே இருக்கும் மேஜை முன்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். இடது கையில் ஒரு ஆட்டுத் தோல், வலது கையில் இன்னொன்று. எது ஒன்றாம் நம்பர் தரம், எது இரண்டாம் நம்பர் என்று விரலால் மட்டும் சொல்ல வேண்டும். பரீட்சை வைத்தவனும் நான். எழுதுகிறவனும் நான்.

"இன்னா மோகனு, தோலுகிட்ட மன்னிப்பு கேக்கறியா?"

கண்ணைத் திறந்தேன். இலியாஸ் பாய் நின்றிருந்தார். தோலைப் பதப்படுத்தும் பெரிய மரப் பீப்பாய்களை நாங்கள் டிரம் என்போம். அந்த டிரம்களுக்கு அவர்தான் சூப்பர்வைசர். அவை சுற்றுகிற சத்தத்துக்கு நடுவிலேயே ஆயுளைக் கழித்ததால் அவருக்கு மெதுவாகப் பேச வராது. ஷெட் முழுக்கக் கேட்டது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றேன்.

"ரெண்டு கண்லயுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டிரம் பக்கம் போய்விட்டார்.

பரீட்சையில் நான் பாஸ்தான். ஆனால் மனசு ஒப்பவில்லை. அந்த இரண்டு தோல்களையும் எடுத்து வைத்ததே நான். எது எந்தக் கையில் இருக்கிறது என்று எனக்கு முன்னமே தெரியும். பிட் அடித்த பரீட்சை எப்படிச் செல்லும்?

விரல்காரன்

என் வேலையைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. பிரியாணியைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்துவிட்டேன். (போன வாரம், என் கல்யாணத்தில் பிரியாணி பத்தாமல் போன கதையைப் படித்துவிட்டு குடியாத்தத்திலிருந்து மைத்துனர் போன் செய்தார். பிரியாணி பத்தியதாம், மாப்பிள்ளைதான் இரண்டு பந்தியில் உட்கார்ந்தாராம். திருத்தத்தைப் பதிவு செய்கிறேன்.)

நான் செலக்‌ஷன் ஆள். முடிந்து வரும் தோலைத் தரம் பிரிப்பவன். ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து, கண்ணால் பாதி, விரலால் பாதி பார்க்க வேண்டும். முள் கீறிய வடு, உண்ணி கடித்த பொட்டு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் தோல் உள்ளுக்குள் கெட்டியாக இருக்கிறதா, வயிற்றுப் பக்கம் தொய்ந்து கிடக்கிறதா என்பது விரலுக்குத்தான் தெரியும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தடவை உருட்டினால் போதும்.

படிப்பு பத்தாம் வகுப்பு, அதுவும் இரண்டாவது முயற்சி. கையெழுத்து கோழி கிளறியது. என்னிடம் விலை போகிற சரக்கு இந்த விரல்கள் மட்டும்தான்.

பள்ளிகொண்டா பக்கம் ஒரு சாவு

மாத்திரைக்கு வருவதற்கு முன்னால் நான் சில முறை செத்துப்போன கதையைச் சொல்ல வேண்டும்.

முதல் சாவு வேலூர் பஸ்ஸில். பள்ளிகொண்டா நெருங்கும்போது திடீரென்று நெஞ்சு டிரம் மாதிரி சுற்ற ஆரம்பித்தது. மூச்சு பாதியில் நின்றது. உள்ளங்கை இரண்டும் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வேர்த்தது. கண்டக்டரைக் கெஞ்சி இறங்கினேன். இளநீர்க்காரர் ஒருவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள் என்று வீட்டு நம்பரைச் சொன்னேன். அவர் நம்பரைக் கேட்டுக்கொண்டே, வழுக்கையா தண்ணியா என்று கேட்டார்.

தண்ணி என்றேன். குடித்து முடிப்பதற்குள் சாவு போய்விட்டது.

அடுத்தது ஜோலார்பேட்டை ஸ்டேஷனில், ரயிலில் ஏறப்போன நேரத்தில். அதற்கடுத்தது எந்தக் காரணமும் இல்லாமல் சலூன் நாற்காலியில், ஒரு பக்க மீசை மட்டும் வெட்டியிருந்தபோது. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒவ்வொரு தடவையும் இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். கடைசியாகப் போனபோது ஈ.சி.ஜி. எடுக்கிறவர் எனக்கு எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நானே சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன். "அரை மீசையோட வந்திருக்கீங்களே சார்" என்று மட்டும் கேட்டார்.

அங்கிருந்த டாக்டர்தான் வேலூரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இதயத்தில் ஒரு சின்ன அடைப்பாவது கண்டுபிடித்துக் கொடுத்திருந்தால் ஊரில் மரியாதையாகச் சொல்லிக்கொள்ளலாமே என்று பட்டது.

அந்த டாக்டரம்மா வெள்ளி நரை ஓடிய, பொறுமையான பெண்மணி. நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். இதற்குப் பெயர் இருக்கிறது, பதற்ற நோய் என்றார். இது நிறையப் பேருக்கு வருகிறது, மாத்திரை உண்டு, பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதலில் வாய் காயும், வயிறு பிரட்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

இருந்தது. கேட்கவில்லை.

எண்ணெய்க் கணக்கு

மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளில் விரல் நுனியில் ஒரு சுருசுருப்பு. எறும்பு நடக்கிற மாதிரி. சாதாரண மனிதன் கையை உதறிவிட்டு வேலையைப் பார்ப்பான். நான் தோல்காரன். உட்கார்ந்து யோசித்தேன்.

எங்கள் தொழிலில் தோல் மிருதுவாக வேண்டுமானால் டிரம்மில் எண்ணெய் விடுவோம். கொஞ்சம் ஜாஸ்தியானால் தோல் தொளதொளவென்று ஆகிவிடும். தொட்டால் பிடிமானமே இருக்காது, செத்த தோல் என்று ஓரம் தள்ளிவிடுவோம். ஆக, மாத்திரை என்பது மனிதனுக்குள் விடுகிற எண்ணெய். மனசு மிருதுவாகும். கூடவே விரலும் தொளதொளத்துவிடும்.

இதை நான் கண்டுபிடித்தபோது எனக்கு என் புத்திசாலித்தனத்தில் பெருமைகூட வந்தது.

இதில் பேஜார் என்னவென்றால் மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் போனேன், சாகவில்லை. மீசையின் இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெட்டிக்கொண்டேன். மனசு தெளியத் தெளிய, விரல் போகிறதே என்ற பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜர், வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் சரக்கு பார்க்க வருகிறார், புது ஆர்டர், செலக்‌ஷன் பிசகினால் இந்த மேஜையில் வேறு ஆளைத்தான் உட்கார வைக்க வேண்டியிருக்கும் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் நிஜமாகச் சொல்வதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

மூன்று லுங்கிகள்

இலியாஸ் பாய் ஷெட்டுக்கே கேட்கிற மாதிரி கேட்டுவிட்ட பிறகு கம்பெனியில் கண்ணை மூட வழியில்லை. பரீட்சையை வீட்டுக்கு மாற்றினேன்.

வீட்டில் தோல் கிடையாது. என் மனைவி கஸ்தூரி, தோல் வாசனையை வாசற்படி தாண்ட விடமாட்டாள். என்னையே கை கால் கழுவி, சட்டையைக் கொல்லையில் கழற்றிய பிறகுதான் உள்ளே விடுவாள். ஆனால் துணி இருக்கிறது. அவள் குடியாத்தத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். அவள் அண்ணன் வருஷத்துக்கு ஒரு கட்டு லுங்கி அனுப்புவார்.

அவளுக்கு என் மாத்திரை என்ன மாத்திரை என்று தெரியாது. கேஸ் மாத்திரை என்று சொல்லியிருந்தேன். அந்தப் பொய்யால் வீட்டில் உருளைக்கிழங்கு நின்றது. கொண்டைக்கடலை நின்றது. காலையில் ஓமத் தண்ணீர் வந்தது. நீயாவது உருளைக்கிழங்கு சாப்பிடு என்றால், நீங்க பார்த்துட்டு இருக்க நான் எப்படிச் சாப்பிடறது என்பாள். இரண்டு பேரும் சேர்ந்து, இல்லாத கேஸுக்குப் பத்தியம் இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பீரோவிலிருந்து வேற வேற மூணு லுங்கி எடுத்துக் குடு என்றேன்.

"இன்னாத்துக்கு?"

கம்பெனியில் ஒரு போட்டி என்றேன். அடுப்பில் குழம்பு கொதிக்கிற அவசரத்தில் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. மூன்றை எடுத்து மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

முதல் லுங்கியை விரலில் உருட்டினேன். இரண்டாவதை உருட்டினேன். மூன்றாவதையும் உருட்டினேன். மூன்றும் ஒன்றாகவே இருந்தன. நூல் கனமும் ஒன்று, வழவழப்பும் ஒன்று. திருப்பித் திருப்பி உருட்டினேன். ஒரு மயிரிழை வித்தியாசம் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தேன். ஒன்று பச்சைக் கட்டம், ஒன்று நீலம், ஒன்று காப்பிக்கலர். மூன்றும் வேறுதான். கொடுத்தவள் தறிக்காரர் வீட்டுப் பெண், அவள் தப்பு செய்வாளா? விரல் போய்விட்டது. முழுசாகப் போய்விட்டது.

அன்றோடு மாத்திரையை நிறுத்தினேன். டாக்டரம்மா என்ன சொன்னார் என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமை

அந்த வெளிநாட்டுக் கம்பெனி ஆள் ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தார். மெலிந்த, அமைதியான மனிதர். கையில் பூதக்கண்ணாடி, பாக்கெட்டில் பிஸ்கட். யாரையும் அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மாத்திரையை நிறுத்தியதிலிருந்து தலையைத் திருப்பினால் உலகம் ஒரு நொடி தாமதமாகத் திரும்பியது. தூக்கம் கெட்டது. அதை யாரிடமும் சொல்லாமல், விரல் மட்டும் திரும்பி வந்தால் போதும் என்று காத்திருந்தேன்.

அன்றைய சரக்கு பால் ஏடு நிறத்தில் ஒரு மெல்லிய தோல். மேல் பூச்சு இல்லாதது. சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கறை பிடிக்கும். முதல் கட்டுத் தோலை நன்றாகவே பிரித்தேன். இரண்டாவது கட்டில் கை வைக்கும்போது, பக்கத்தில் அவர் பிஸ்கட் கடிக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை. நெஞ்சு சுற்ற ஆரம்பித்தது. மூச்சு நின்றது. கீழே விழாமலிருக்கத் தோல்மேல் வேர்த்த உள்ளங்கையை ஊன்றினேன்.

கையை எடுத்தபோது, அந்தப் பால் நிறத் தோலில் என் முழுக் கையும் அச்சாக விழுந்திருந்தது. ஐந்து விரல், உள்ளங்கை, ரேகைகள் எல்லாம். ஜோசியக்காரர் பார்த்திருந்தால் பலன் சொல்லியிருப்பார்.

அதைக் கம்பெனி ஆள் பார்ப்பதற்குள் இன்னொரு தோல் அதன்மேல் வந்து விழுந்தது. போட்டவர் இலியாஸ் பாய். எப்போது டிரம் பக்கத்திலிருந்து வந்தார் என்று தெரியாது.

"டைம் ஆச்சு சார், இன்னைக்கு ஜும்மா. நாங்க கெளம்பணும். மத்தியானம் பாத்துக்கலாம்."

கம்பெனி ஆள் கடிகாரத்தைப் பார்த்தார். தொழுகைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. "இவ்ளோ சீக்கிரமாவா?" என்றார்.

"லேட்டா போனா எடம் கெடைக்காது சார்" என்றார் பாய். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிவாசலில் கடைசியாகச் செருப்பைக் கழற்றுகிற மனிதர். மறுபேச்சுக்கு இடம் தராமல் என் முழங்கையைப் பிடித்து வெளியே நடத்தினார். என் பெயர் மோகன்குமார் என்பது கம்பெனி ஆளுக்குத் தெரிந்திருந்தால் அவர் என்ன நினைத்திருப்பார் என்று இப்போதும் யோசிப்பேன்.

பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார வைத்தார். குவளையில் மொண்டு என் கையில் ஊற்றினார். ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு ஒழுங்குக்கு வந்த பிறகு நானே சொன்னேன். பஸ்ஸில் ஆரம்பித்து, மாத்திரை, எண்ணெய், லுங்கி வரை எல்லாவற்றையும் சொன்னேன். மனநல டாக்டர் என்று கேட்டபோது அவர் முகம் மாறவில்லை. மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னபோதும் மாறவில்லை. லுங்கிக்கு வந்தபோதுதான் மாறியது.

"லுங்கிலயா பாத்த?"

ஆமாம் என்றேன்.

"முப்பது வருஷமா தோல் தொட்ட வெரலு. அத லுங்கில வச்சா டெஸ்ட் பண்ணுவ? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஷெட்டுல இருக்கற தோல் பூரா உம்முன்னாடி கொண்டாந்து போட்டிருப்பனே தோஸ்த்." குவளையைத் தொட்டி விளிம்பில் வைத்தார். பிறகு, அவர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக, மெதுவான குரலில் சொன்னார். "பயந்துட்டன்டா. உனக்கு ஹார்ட்டுன்னு நெனச்சிட்டேன்."

நிஜமான தொழுகை நேரம் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்றும் கடைசியாகத்தான் போனார்.

மத்தியானம் நான் மேஜைக்குப் போகவில்லை. போக முடியவில்லை. என் இடத்தில் வேறொருவர் நின்று பிரித்தார். சரக்கில் ஒரு பகுதியைக் கம்பெனி ஆள் ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த தடவை வந்து பார்க்கிறேன் என்று போனார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த தடவை வரைக்கும் பார்க்கலாம் மோகன் என்றார். சிரித்துக்கொண்டே.

ஒரே தறி

நான் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பாய் கஸ்தூரியிடம் போனில் சொல்லிவிட்டார். "தங்கச்சி, அவன திட்டாத, மொதல்ல சோறு போடு" என்றாராம். அவள் சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை திட்டவில்லை. வாக்கு வாக்குதான்.

பிறகு கேட்டாள். "மனசுக்கு மாத்திரைன்னா நான் இன்னா, ஊரெல்லாம் தண்டோரா போட்டிருப்பனா?"

உன் அண்ணனிடம் சொல்வாய் என்றேன்.

"சொல்லியிருப்பேன்தான்" என்று ஒப்புக்கொண்டாள். "அவரும் இதே மாதிரி மாத்திரை சாப்பிடற, அவருக்குத் தெரிஞ்ச நாலு பேரைச் சொல்லியிருப்பாரு. அதுக்கா ஓமத் தண்ணி குடிச்சீங்க?"

நான் லுங்கி விஷயத்தைச் சொன்னேன். விரலே போய்விட்டதே கஸ்தூரி, வேறு வேறு மூன்று லுங்கி கொடுத்தாய், எனக்கு மூன்றும் ஒன்றாகத் தெரிந்ததே என்றேன். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

அவள் எழுந்து போய் அந்த மூன்றையும் எடுத்து வந்தாள். விளிம்பை விரலில் உருட்டினாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு திருட்டு முழி.

"ஒண்ணுதாங்க" என்றாள்.

"என்னது?"

"மூணும் ஒண்ணுதான். அண்ணன் அனுப்புன ஒரே கட்டு. ஒரே நூலு, ஒரே தறி. கலர்தான் வேற. நீங்க வேற வேற குடுன்னீங்க, நான் கலர் பாத்துக் குடுத்தேன். வெரலால பாக்கப்போறேன்னு சொன்னீங்களா?"

சொல்லவில்லை.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில, ஸ்டேஷன்ல, தனியா, யாருமில்லாம என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இளநீர்க்காரர் இருந்தார் என்றேன். முதுகில் ஒரு அடி விழுந்தது.

கேட்காத கேள்வி

டாக்டரம்மாவிடம் இந்த முறை கஸ்தூரியும் வந்தாள். மாத்திரையை நிறுத்தியதையும், வெள்ளிக்கிழமை தோலில் கை அச்சு விழுந்ததையும் சொன்னேன். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றும், பதற்றம் மறுபடி கிளம்பும், அதற்குத்தான் சொன்னேன் என்றார் டாக்டரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. மறுபடி குறைந்த அளவிலிருந்து ஆரம்பித்துக் கொடுத்தார்.

கஸ்தூரி என் விலாவில் இடித்தாள். கேட்டேன். "மேடம், இது வெரலைக் கெடுக்குமா?"

அவர் சிரிக்கவில்லை. என் தொழிலைக் கேட்டார். எப்படித் தொடுவேன் என்று காட்டச் சொன்னார். சிலருக்கு ஆரம்பத்தில் இந்தச் சுருசுருப்பு இருக்கும், பெரும்பாலும் தானே போய்விடும், போகாவிட்டால் வந்து சொல்லுங்கள், வேறு வழி பார்க்கலாம் என்றார். பிறகு, "அன்னைக்குத் தோல் மேல விழுந்த ஈரம் மாத்திரையால வந்ததில்ல. மாத்திரை இல்லாததால வந்தது" என்றார்.

வேறு ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டபோது கஸ்தூரி நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"உருளைக்கிழங்கு போடலாமா மேடம்?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. ஆனாலும், தாராளமாக என்றார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் கம்பெனி ஆள் மறுபடி வந்தார். அதே பால் நிறத் தோல். நான் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டுதான் போனேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஓரத்தில் ஒன்று உட்கார்ந்துதான் இருந்தது. ஆனால் கை காய்ந்திருந்தது. சாயங்காலம் வரை நின்று, எல்லாக் கட்டுகளையும் நானே பிரித்தேன். அவர் சிலதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், தலையசைத்தார், பிஸ்கட் பாக்கெட்டை என் பக்கம் நீட்டினார்.

சரக்கு கப்பல் ஏறியது. அதில் கொஞ்சம் தோல் தரம் சரியில்லை என்று திரும்பி வந்தது. ஜன்னல் கீழே விரித்துப் பார்த்தேன். சிலது அவர்கள் தப்பு, சிலது என் தப்பு. மாத்திரைக்கு முன்னாலும் ஒவ்வொரு கப்பலுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் திரும்பி வரும். மேஜையில் நான்தான் இருக்கிறேன். மாத்திரையும் சாப்பிடுகிறேன்.